கோட்டைச்சாமி மூளைக்கு முன்பேரம்

கோட்டைச்சாமி: ஐந்நூறு ரூவா. மனுச மூளை, டாக்டரம்மா. அதுக்குக் கீழ எறங்குனா நம்ம போடி பஜார்ல என்னையக் காறித் துப்புவாக.

சந்திரவல்லி: அண்ணே, நான் மூளைய வெலைக்கு வாங்குறதில்ல.

கோட்டைச்சாமி: வாங்க வர்றவுக பூராம் மொதல்ல இதத்தேன் சொல்லுவாக. 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்'பாக. பெறகு மூட்டைக்குள்ள கைய விட்டு அளைவாக. நானூத்தம்பது.

சந்திரவல்லி: யாரு மூளை?

கோட்டைச்சாமி: என்னதுதேன். அடுத்தவன் சரக்குக்கு நான் எப்பிடி வெல சொல்றது?

சந்திரவல்லி: நீங்க ஏலக்காய்க் கமிஷன் கடை கோட்டைச்சாமிதான? எங்க ஊரு சிலமலை வரைக்கும் ஒங்க மூக்குக்குப் பேரு. ஒரு காய மோந்து பாத்தே எந்த எஸ்டேட்டுன்னு சொல்லிருவீங்களாம்.

கோட்டைச்சாமி: சிலமலையா நீங்க? அட, மொதல்லயே சொல்லப்படாதா. நம்ம பக்கத்துப் புள்ள. நானூறு. இதுக்கு மேல கேட்டீகன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

சந்திரவல்லி: நான் கேக்கவே இல்லையே. நீங்களா எறங்கிக்கிட்டு வர்றீங்க.

கோட்டைச்சாமி: அதுதேன் தெறமையான யாவாரிக்கு அழகு. வாயே தொறக்காம எதிராளிய எறக்கி விட்டுர்றது. இம்புட்டு நேரம் ஒரு பைசா ஏத்தல பாருங்க நீங்க.

சந்திரவல்லி: இங்க மூளைய வாங்குவாங்கன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?

கோட்டைச்சாமி: யாரு சொல்லணும்? போன ஆடியில எங்க கடை லோடுமேன் அமாவாசை தன் உயிரத் தானே முடிச்சுக்கிட்டான்ல. இதே ஆஸ்பத்திரியில வச்சுத்தேன போஸ்ட்மார்ட்டம். அவன் மூளைய ஐஸ் பெட்டியில வச்சு நீங்க கொண்டு போனீக. பஸ்சுல ஏத்தி மதுரைக்கு, அங்கருந்து பெங்களூருக்கு. அவுக அண்ணன் கையெழுத்துப் போட்டான். பக்கத்துல நான் நின்டேன். என்னைய நீங்க பாக்கல.

சந்திரவல்லி: அன்னைக்கு நான் யாரு மொகத்தையும் பாக்கலண்ணே. அவங்க அண்ணன் மனசு வச்சுக் குடுத்தாரு. அதுக்குக் காசு கெடையாது. காசு குடுத்தா அது ஆராய்ச்சியில சேராது, யாவாரமாப் போயிரும்.

கோட்டைச்சாமி: யாவாரத்த அம்புட்டு எளக்காரமாச் சொல்லாதீக. சரி, காசு வேணாம். பண்டமாத்து. நான் மூளை தர்றேன். நீங்க பதிலு தாங்க. நான் கேக்குறதுக்கெல்லாம் ஒளிவுமறைவில்லாம பதிலு.

சந்திரவல்லி: நானும் கேப்பேன்.

கோட்டைச்சாமி: கேளுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. எடை தப்பப்படாது.

சந்திரவல்லி: சம்மதம். மொதல் கேள்வி ஒங்களுது.

கோட்டைச்சாமி: அமாவாசை மண்டைக்குள்ள என்னத்தத் தேடுறீக? நான் அவனப் பதினஞ்சு வருசமாப் பாத்தேன். அதுக்குள்ள கணக்கு நின்டதே இல்ல. நாலு மூட்டை எறக்குனா அஞ்சுன்னுவான்.

சந்திரவல்லி: செரட்டோனின்னு ஒண்ணு இருக்கு. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல அனுப்புற சரக்குன்னு வச்சுக்குங்க. இந்த மாதிரி உயிர விட்டவங்க மூளையில அந்தச் சரக்கு வரத்து கம்மியா இருந்துச்சுன்னு வெளிநாட்டுல சிலபேர் எழுதியிருக்காங்க. அப்படியெல்லாம் இல்லைன்னும் சிலபேர் எழுதியிருக்காங்க. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு எப்படின்னு பாக்குறோம்.

கோட்டைச்சாமி: வரத்து கொறைஞ்சா வெலதேன ஏறும்?

சந்திரவல்லி: பஜார்ல ஏறும். மண்டைக்குள்ள பாரம்தான் ஏறும். இப்ப என் முறை. அமாவாசை அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஒரு மண்சரிவுல மாட்டிப் பொழைச்சவருன்னு அவங்க அண்ணன் சொன்னாரு. நீங்களும் அங்க இருந்தீங்களா?

கோட்டைச்சாமி: இருந்தேன். போடி மெட்டு மலைக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டு. காய உணத்துற ஸ்டோருக்குள்ள சரக்க எடை போட்டுக்கிட்டு இருந்தோம். நான், அமாவாசை, எங்க சரக்கு ஜீப்பு ஓட்டுற திருப்பதி. மூணு பேரு. ஐப்பசி மழை. மேல இருக்க மலையாளத்தாளுக உருள்பொட்டல்னு சொல்லுவாக. மலை வயிறு வெடிச்சு எறங்குறது. எறங்கிருச்சு. மறுநாள் தோண்டி எடுத்தாக. அம்புட்டுதேன். ஒரு பதிலு முடிஞ்சிச்சு.

சந்திரவல்லி: அம்புட்டுதானா?

கோட்டைச்சாமி: அது ரெண்டாவது கேள்வி. முறைப்படி வாங்க. ...அமாவாசை மூளையில என்ன இருந்துச்சு? கம்மியா, ஜாஸ்தியா?

சந்திரவல்லி: இன்னும் முடிவு வரல. வந்தாலும் ஒரு மூளைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரே ஒரு காயப் பாத்துட்டு மூட்டைக்கு வெல சொல்லுவீங்களா?

கோட்டைச்சாமி: சொன்னா என்னைய மூட்டைக்குள்ள வச்சுக் கட்டிருவாக.

சந்திரவல்லி: அதான். இப்ப நான். திருப்பதி எப்படி இருக்காரு?

கோட்டைச்சாமி: அவனுக்கென்ன! மலை சரிஞ்ச மறு வாரமே ஜீப்பு எடுத்துட்டான். ரெண்டு மகளக் கட்டிக் குடுத்தாச்சு. தொந்தி வச்சிருச்சு. அந்த மண்ணுக்குள்ள கெடந்தத பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கதையாச் சொல்லுவான், சினிமாப் படம் மாதிரி. ஒவ்வொரு தடவையும் மண்ணு ஒரு அடி கூடிக்கிட்டே போகும்... அதுலதேன் எனக்கு இந்தச் சந்தேகம் வந்துச்சு.

சந்திரவல்லி: என்ன சந்தேகம்?

கோட்டைச்சாமி: ஒரே மழை, ஒரே மண்ணு, ஒரே சுவரு விழுந்து மூடுன மூணு பேரு. ஒருத்தன் தொந்தி வச்சிட்டான். ஒருத்தன் போயிட்டான். என் கேள்வி என்னன்னா... இல்ல, அது பெறகு. மொதல்ல யாவாரத்த முடிப்போம். சரக்கு எம்புட்டு நேரத்துக்குள்ள ஒங்க கைக்கு வரணும்?

சந்திரவல்லி: எவ்வளவு வெரசா ஐஸ்ல வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆறு மணி நேரம் தாண்டுனா நான் தேடுறது கரைஞ்சு போயிரும்.

கோட்டைச்சாமி: அப்ப நீங்க ஊர்ல இருக்கணும். மதுரையிலருந்து என்னைக்கு வருவீக?

சந்திரவல்லி: வியாழன் வியாழன்.

கோட்டைச்சாமி: வர்ற வியாழன்?

சந்திரவல்லி: வருவேன். காலையில மொத பஸ்சுல.

கோட்டைச்சாமி: பெட்டி, ஐசு எல்லாம் கையோட கொண்டாருவீகல்ல? அப்ப வியாழக்கிழமையே வச்சுக்குருவோம். எனக்கும் தோதுதேன். செவ்வாய்க்குள்ள கடைக் கணக்கப் பூராம் நேர் பண்ணிருவேன்.

சந்திரவல்லி: ...எத வச்சுக்குருவோம்?

கோட்டைச்சாமி: அட, பேச்சுக்குச் சொன்னேன். எங்க யாவாரத்துல முன்பேரம்னு ஒண்ணு உண்டு. காய் செடியில நிக்கிறப்பவே வெல பேசி முடிச்சிர்றது. பேசுனா பறிப்பு நாளும் சேத்துச் சொல்லணும். வாங்குறவுக வண்டி கொண்டாந்து நிக்கிறப்ப சரக்கு இல்லைன்னா அது மரியாதையா? நீங்க பஸ்சுக்குக் காசு குடுத்து வந்துட்டு வெறும் பெட்டியோட போகப்படாதுல்ல. என்ன டாக்டரம்மா, மொகம் இப்பிடிப் போயிருச்சு? நானூறுல கையடிச்ச மாதிரி வச்சுக்குங்க.

சந்திரவல்லி: ஒரு நிமிஷம் இருங்கண்ணே. வெளிய போயி அழகுமலைகிட்ட டீ சொல்லிட்டு வந்துர்றேன்.

கோட்டைச்சாமி: கம்பவுண்டருகிட்டயா? எதுக்கு, நானே போயி...

சந்திரவல்லி: ஒக்காருங்க. எந்திரிக்கப்படாது.

கோட்டைச்சாமி: சரி தாயி. ஊசி போடுற கையி, பகைக்க முடியுமா...

சந்திரவல்லி: ...ம். சொல்லியாச்சு.

கோட்டைச்சாமி: ரெண்டு டீ சொல்ல இம்புட்டு நேரமா? நான் தனியா ஒக்காந்து ஒங்க மேசை மேல இருக்க மண்டையோட்டுக்கும் வெல பேசி முடிச்சிட்டேன். அது படியல.

சந்திரவல்லி: அழகுமலைக்கு ஒரு தடவ சொன்னா ஏறாது. அண்ணே, இப்ப என் கேள்வி. சுத்தி வளைக்காமக் கேக்குறேன். வியாழக்கிழம சாகணும்னு நெனச்சிருக்கீகளா?

கோட்டைச்சாமி: 'நெனச்சிருக்கீகளா'! இப்பத்தேன் சிலமலைப் பேச்சு வெளிய வருது. இம்புட்டு நேரம் மதுரை டவுனு பேசிக்கிட்டு...

சந்திரவல்லி: பேச்ச மாத்தாதீக.

கோட்டைச்சாமி: இப்பிடியா பட்டுன்னு போட்டு ஒடைப்பாக? இல்லாத மனுசனுக்கும் அந்த நெனப்பு வந்துறாது?

சந்திரவல்லி: கேட்டா வராதுண்ணே. கேக்காம விட்டாத்தான் உள்ளேயே கெடந்து ஊறும். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சொன்னது நீங்க. பதில் சொல்லுங்க.

கோட்டைச்சாமி: ஆமா.

சந்திரவல்லி: யாருகிட்டயாவது சொல்லியிருக்கீகளா?

கோட்டைச்சாமி: ஒங்ககிட்டத்தேன் மொதப் போணி.

சந்திரவல்லி: சிரிக்காமச் சொல்லுங்க.

கோட்டைச்சாமி: சிரிக்காமச் சொல்லணும்னா எனக்குப் பேச்சே வராது தாயி. இருவத்தஞ்சு வருசமா பஜார்ல சிரிச்சுக்கிட்டேதேன் பொழப்பு. சிரிக்கலைன்னா 'கோட்டைச்சாமிக்குக் கடன் ஏறிப்போச்சு'ன்னு பேசிருவாக.

சந்திரவல்லி: கடனா காரணம்?

கோட்டைச்சாமி: ஒரு பைசா கெடையாது. கடை நல்லாத்தேன் ஓடுது. மக பொன்னுமணி மதுரையில காலேஜுல படிக்கிறா. ஒரு கொறையும் இல்ல. அதுதேன் எனக்கே வெளங்கல. கொறை இருந்து செத்தா ஒரு நாயம் இருக்கு. எல்லாம் இருந்தும் ஏன் இப்பிடி? அத மண்டையத் தொறந்து பாத்துச் சொல்ல ஒரு ஆளு வந்திருக்குன்னு தெரிஞ்சதும், சரி, நாம போனதுக்குப் பெறகாச்சும் யாருக்காவது வெளங்கட்டுமேன்னு...

சந்திரவல்லி: போனதுக்குப் பெறகு வெளங்குனா ஒங்களுக்கு யாரு வந்து சொல்றது?

கோட்டைச்சாமி: ...அது ஒரு நட்டம்தேன்.

சந்திரவல்லி: பெரிய நட்டம். உயிரோட இருக்கப்பவே கேளுங்க. மண்ணுக்குள்ள என்ன நடந்துச்சு?

கோட்டைச்சாமி: மண்ணு ஒண்ணும் பெருசில்ல. சுவரு சாஞ்சப்ப உணத்திக் குமிச்சிருந்த ஏலக்கா பூராம் என் மேல சரிஞ்சிருச்சு. அதுக்கு மேல மண்ணு. கழுத்து வரைக்கும் காயி, மூக்குல காயி, வாயத் தொறந்தா காயி. அமாவாசை கத்துனது கேட்டுச்சு. பெறகு கேக்கல. செத்துட்டான்னு நெனச்சேன். திருப்பதி சாமி பேரச் சொல்லிக்கிட்டே கெடந்தான். எனக்கு மூச்சு வாங்குனா வாசனதேன் உள்ள போகுது. காத்து போகல. வாசன... வெறும் வாசன.

சந்திரவல்லி: இப்ப?

கோட்டைச்சாமி: இப்ப என்ன? நான் ஏலக்கா யாவாரி.

சந்திரவல்லி: அய்யோ.

கோட்டைச்சாமி: ஆங்... இப்பத்தேன் ஒங்களுக்கு வெளங்குது. தெனம் காலையில சாம்பிளு வரும். உள்ளங்கையில போட்டு, 'அண்ணே, மோந்து பாத்துச் சொல்லுங்க'ன்னு நீட்டுவாக. அஞ்சு வருசமா நான் மூச்ச அடக்கிக்கிட்டுத்தேன் மூக்குக்குக் கொண்டு போறேன். காதுகிட்ட குலுக்கிப் பாப்பேன், வெரலால உருட்டிப் பாப்பேன், தோலு நெறத்தப் பாப்பேன். அத வச்சு எஸ்டேட்டுப் பேரச் சொல்லிருவேன். சரியாத்தேன் இருக்கும். ஊரே என் மூக்கப் புகழுது. மூக்க மூடிக்கிட்டு நான் யாவாரம் பாக்குறேன்.

சந்திரவல்லி: மூச்ச அடக்க மறந்தா?

கோட்டைச்சாமி: மறந்தா... கடையில இருக்க மாட்டேன். ஒடம்பு கல்லாவுலதேன் ஒக்காந்திருக்கும். நான் அங்க கெடப்பேன். கழுத்து வரைக்கும். மழை பெஞ்சாச் சொல்லவே வேணாம். எத்தன தடவதேன் ஒரு மனுசன் அதே மண்ணுக்குள்ள போயிப் போயி வர்றது? அலுத்துப் போச்சு தாயி. சாகணும்னு ஆச இல்ல. அங்க திரும்பிப் போகாம இருக்கணும். அதுக்கு வேற வழி தெரியல... நீங்க சொல்லுங்க, நான் பயந்தாங்கொள்ளியா?

சந்திரவல்லி: இல்ல. கேளுங்க, இதத்தான் நான் படிக்கிறேன். கண்ணு பாக்குறது, காது கேக்குறது எல்லாம் மூளைக்கு நடுவுல ஒரு எடத்துல நின்னு, தரம் பிரிஞ்சுதான் மேல போகும். ஒங்க கமிஷன் மண்டி மாதிரி. வாசன மட்டும் மண்டிக்கு வராது. நேரா உள்ள போயிரும்.

கோட்டைச்சாமி: மெட்டு செக்போஸ்ட்டுல நிக்காம எறங்குற ஜீப்பு மாதிரி.

சந்திரவல்லி: அதேதான். உள்ள பாதாம் பருப்பு அளவுல ஒண்ணு இருக்கு. ஆபத்துன்னா மணி அடிக்கிற காவல்காரன். அவன் வாசல்லயே போயி அந்த ஜீப்பு நிக்குது. என்ன சரக்குன்னு ஒங்க புத்தி யோசிக்கிறதுக்குள்ள அவன் மணிய அடிச்சிர்றான். கையி நடுங்கிரும், நெஞ்சு அடிக்கும். மலை சரிஞ்சு முடிஞ்சு போச்சுன்னு அவனுக்கு யாரும் போயிச் சொல்லல. அவன் வேலைய அவன் பாக்குறான், பாவம். கொஞ்சம் அதிகமாப் பாக்குறான்.

கோட்டைச்சாமி: அப்ப ஆளு நல்ல ஆளுதேன்... விசுவாசி.

சந்திரவல்லி: ரொம்ப விசுவாசி.

கோட்டைச்சாமி: பாதாம் பருப்பு அளவா? இம்புட்டுப் பாடு படுத்துறவன் தேங்கா அளவு இருப்பான்னுல்ல நெனச்சேன். ...அவனுக்குச் சேதி சொல்ல முடியுமா?

சந்திரவல்லி: முடியும். மெதுவா. மாத்திர இருக்கு. பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். கூடவே பேச்சு. இன்னைக்குப் பேசுன மாதிரி, வாரா வாரம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். நெறையப் பேருக்குக் கேட்டிருக்கு.

கோட்டைச்சாமி: இது மகளுக்கு வருமா? ரத்தத்துல எறங்குமா? ஒளிக்காமச் சொல்லணும்.

சந்திரவல்லி: மண்சரிவு ரத்தத்துல எறங்காது. மனசு சட்டுன்னு கலங்குற சுபாவம் கொஞ்சம் எறங்கலாம், எறங்காமலும் போகலாம். நாங்களே அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். ஆனா ஒண்ணு நிச்சயமாத் தெரியும். அப்பன் இப்படிப் போனா, புள்ள மேல அந்தப் பாரம் விழும். நீங்க மண்ணுக்குள்ள போன மாதிரி அவ போவா.

கோட்டைச்சாமி: ...அப்பிடிப் பாத்ததில்ல நான். நம்ம போனா அவளுக்கு எடைஞ்சல் கொறையும்னுதேன்...

சந்திரவல்லி: அந்தக் கணக்குத் தப்பு.

கோட்டைச்சாமி: சரி. அந்தக் கேள்வி. 'பெறகு'ன்னு வச்சேனே. மூணு பேருல ஒருத்தன் அங்கிட்டு, ஒருத்தன் இங்கிட்டு. நான் எந்தப் பக்கம்? அதத்தேன் கேக்க வந்தேன். என் மண்டைக்குள்ள ஏற்கெனவே முடிவாகிப் போச்சா?

சந்திரவல்லி: தெரியாது.

கோட்டைச்சாமி: இம்புட்டுப் படிச்சிட்டுத் தெரியாதா?

சந்திரவல்லி: முடிவாகிப் போச்சுன்னு எங்கயும் எழுதியிருந்து நான் பாக்கல. எந்த மூளையிலயும். வரத்து கம்மியா இருந்தும் பேரன் பேத்தி எடுத்து வாழ்றவங்க இருக்கத்தான் செய்வாங்க. அவங்கள நாங்க பாக்கலையே, அவங்க மூளை எங்க பெட்டிக்கே வராதே. எனக்கு அதுதான் பெரிய கேள்வி. செத்த மூளைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். அதுவும் முணுமுணுன்னுதான் பதில் சொல்லும். உயிரோட இருக்க மூளைகிட்ட வாரா வாரம் கேக்கலாம். அதுவே பேரம் பேசும். என்னைய வம்புக்கு இழுக்கும்.

கோட்டைச்சாமி: அப்ப உயிரோட இருக்க சரக்குக்குத்தேன் கிராக்கின்னு சொல்லுங்க.

சந்திரவல்லி: முன்பேரத்துல வெளையாத காயப் பறிச்சுக் கொண்டாந்தா வாங்குறவங்க என்ன செய்வாங்க?

கோட்டைச்சாமி: தள்ளிருவாக. பிஞ்ச எவன் எடுப்பான்? உணத்துனா சுருங்கிச் சருகாப் போகும்.

சந்திரவல்லி: ஒங்களுக்கு என்ன வயசு?

கோட்டைச்சாமி: நாப்பத்தாறு... ஏய் ஆத்தா! யாவாரிக்கே யாவாரம் படிச்சுக் குடுக்குறீகளே!

சந்திரவல்லி: வியாழக்கிழமைச் சரக்க நான் தள்ளுறேன். எம்பது வயசுல தானா உதிரட்டும். நான் இருந்தா நான் வாங்கிக்கிறேன். இல்லைன்னா எனக்குப் பின்னால படிக்கிற புள்ளைங்க வாங்கிக்கிருவாங்க.

கோட்டைச்சாமி: மனசு மாறிப் போயிரும்னு நம்புறீகளா, இந்த ஒரு பேச்சுல?

சந்திரவல்லி: இல்ல. அதனாலதான் அடுத்ததக் கேக்குறேன். இதுக்குன்னு ஏதாவது கைவசம் வாங்கி வச்சிருக்கீகளா?

கோட்டைச்சாமி: ...கடை அலமாரியில. பூட்டி இருக்கு.

சந்திரவல்லி: சாவி?

கோட்டைச்சாமி: மடியில.

சந்திரவல்லி: மேசை மேல வைங்க.

கோட்டைச்சாமி: இதுக்கு என்ன தர்றீக பதிலுக்கு?

சந்திரவல்லி: ஒண்ணும் தர மாட்டேன். இதுல பேரம் கெடையாது. வைங்கண்ணே.

கோட்டைச்சாமி: ...இந்தாங்க. என் வாழ்நாள்ல ரசீது வாங்காமக் குடுத்த மொதச் சரக்கு.

சந்திரவல்லி: நல்லது. கொஞ்சம் தண்ணி குடிங்க. மழை பிடிச்சிருச்சு... ஜன்னலச் சாத்தவா?

கோட்டைச்சாமி: வேணாம். பாத்துக்கிட்டே இருக்கேன். பாத்துக்கிட்டு இருந்தாப் பரவால்ல. மூச்சத்தேன் அடக்கி வச்சிருக்கேன்.

சந்திரவல்லி: விட்டுருங்க. காவல்காரன் மணி அடிக்கிறான். 'இது போடி மழை. தெருவுல பெய்யுது. நான் நாற்காலியில ஒக்காந்திருக்கேன்'னு மெதுவாச் சொல்லுங்க.

கோட்டைச்சாமி: இது போடி மழை. தெருவுல பெய்யுது. நான்... ஆஸ்பத்திரி ஒடஞ்ச நாற்காலியில ஒக்காந்திருக்கேன்.

சந்திரவல்லி: ஒடஞ்சதுன்னு நான் சொல்லலையே.

கோட்டைச்சாமி: சரக்கு எப்பிடியோ அப்பிடித்தேன சொல்ல முடியும்.

சந்திரவல்லி: ...அண்ணே, நானும் ஒண்ணு சொல்லணும். ஒளிவுமறைவு இல்லைன்னு பேசிட்டு நான் ஒண்ண ஒளிச்சிட்டேன். அழகுமலைய நான் டீக்கு அனுப்பல.

கோட்டைச்சாமி: தெரியும்.

சந்திரவல்லி: தெரியுமா?

கோட்டைச்சாமி: டீக்கடை இந்தா இருக்கு, கெழக்க. அவன் சைக்கிள மேக்க மிதிச்சான். மேக்க எங்க தெருவ விட்டா வயக்காடுதேன். அவன் நாத்து நடவா போறான்?

சந்திரவல்லி: தெரிஞ்சும் எந்திரிச்சுப் போகாம ஒக்காந்திருந்தீகளா?

கோட்டைச்சாமி: ...நானும் ஒரு பொய் சொல்லிட்டேன் தாயி. நான் விக்க வரல. ஒரு வெல சொல்லிப் பாப்போம், வேணாம்னு தள்ளுறதுக்கு யாராச்சும் இருக்காகளான்னு பாக்கத்தேன் வந்தேன். வீட்டுல பொண்டாட்டிகிட்டச் சொல்ல வாயி வரல. அஞ்சு வருசமா ஒண்ணும் தெரியாம நிம்மதியாத் தூங்குறா. அதப் போயி ஏன் கெடுக்கன்னு... அதேன், அவன் போயிக் கூட்டியாரட்டும்னு ஒக்காந்திருந்தேன். இந்தா, வந்துட்டா. நனஞ்சுக்கிட்டே வர்றா பாருங்க, கொடையக்கூட எடுக்காம.

மாயக்காள்: ஏங்க... என்னங்க ஆச்சு? நல்லாத்தேன இருக்கீக? அந்தாளு ஒண்ணுமே சொல்லல, 'டாக்டரம்மா ஒடனே வரச் சொன்னாக'ன்னான். நான் பாதையில எதையெதையோ...

சந்திரவல்லி: நல்லா இருக்காரும்மா. ஒக்காருங்க. இன்னையிலருந்து கொஞ்ச நாளைக்கு இவரத் தனியா விடக்கூடாது. இந்தச் சாவி ஒங்ககிட்ட இருக்கட்டும். கடைக்கு ஒங்க அண்ணன் தம்பி யாரையாவது கூட்டிட்டுப் போயி, அலமாரியில இருக்கத எடுத்து இங்க அழகுமலைகிட்டக் குடுத்துருங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் மதுரைக்கு வாங்க, நானே வார்டுல இருப்பேன். மத்தத அவரே சொல்லுவாரு.

மாயக்காள்: ...சொல்லுவாரா?

கோட்டைச்சாமி: மாயக்காளு, ஒன்கிட்ட நான் ஒண்ண மறைச்சிட்டேன். அந்த மண்ணு விழுந்த நாள்லருந்து எனக்கு அந்த ஏலக்கா வாசன...

மாயக்காள்: ஆகாது. தெரியும்.

கோட்டைச்சாமி: எப்பிடித் தெரியும்? ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதே!

மாயக்காள்: அஞ்சு வருசமா நம்ம வீட்டுப் பாயசத்துல ஏலக்கா போட்டிருக்கேனா?

கோட்டைச்சாமி: ...இல்ல?

மாயக்காள்: மொத தடவ போட்டப்ப டம்ளரக் கையில வச்சுக்கிட்டு வேர்த்துக் கொட்டி ஒக்காந்திருந்தீக. அன்னைக்கு எடுத்து வீசுனதுதேன். அடுக்களையில ஒரு காயி கெடையாது. ஏலக்கா யாவாரி பொண்டாட்டி ஏலக்கா போடாம பாயசம் வைக்கிறாளேன்னு பொன்னுமணி சடங்குல ஊரே சிரிச்சுச்சு, கஞ்சப் பிசினாறின்னு பேரும் வச்சுச்சு. மழை பெஞ்சா நீங்க எந்திரிச்சு நடப்பீக. நான் கண்ண மூடிக்கிட்டு முழிச்சுக் கெடப்பேன். கேட்டா எங்க ஒடஞ்சு போயிருவீகளோன்னு கேக்கல.

கோட்டைச்சாமி: அப்ப ரெண்டு பேரும் மறைச்சிருக்கோம். கணக்கு நேராப் போச்சு.

மாயக்காள்: எப்பிடி நேராகும்? என் பக்கம் அஞ்சு வருசத் தூக்கம், அம்புட்டு ஊருப் பேச்சு, கஞ்சம்னு கெட்ட பேரு, எல்லாம் செலவு எழுதியாச்சு. ஒங்க பக்கத்துலருந்து இன்னைக்கு வந்தது அரை வார்த்த. மிச்சம் பூராம் பாக்கி நிக்கிது. எந்திரிங்க, நடந்துக்கிட்டே தாங்க.